தீர்ந்தது, நன்றி

ஆகஸ்ட் 2

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

இன்று காலை பீர்முகமது தொலைபேசியில் அழைத்தான். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்கான எங்கள் குழுவுக்கு இப்போது அவன்தான் செயலாளர். போன ஆண்டு இறந்த கோமதிநாயகத்தின் நினைவாகக் குழுவின் லினக்ஸ் கையேட்டை மறுபதிப்புச் செய்கிறார்களாம், அதற்கு நான் முன்னுரை எழுத வேண்டுமாம்.

"நீங்களும் அவரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார். ரெண்டு பக்கம் போதும். நெஞ்சைத் தொடுற மாதிரி."

"யாரு நெஞ்சை?"

சிரித்தான். நகைச்சுவை என்று எண்ணியிருப்பான்.

அந்தக் கையேட்டில் பதினான்கு அத்தியாயங்கள். ஆறு முதல் பதினொன்று வரை நான் எழுதியவை. வைஃபை அட்டைகளுக்கு, அவற்றை இயக்கும் நிரலான டிரைவரை நிறுவுவது முழுக்க என்னுடையது. ஒவ்வோர் அட்டையையும் வாங்கி, கழற்றி, சோதித்து எழுதினேன். புத்தகம் வந்தபோது முன்னட்டையில் கோமதிநாயகம் என்ற ஒரு பெயர்தான் இருந்தது. நான் நன்றிப் பக்கத்தில், நான்காவது வரியில், தேநீர்க்கடைச் சுடலைக்கு அடுத்து இருந்தேன்.

முன்னுரை எழுதுவேன். நடந்ததை எழுதுவேன். அவர்கள் அச்சிடாவிட்டால் குழுவின் இணைய மன்றத்தில் என் பெயரிலேயே போடுவேன். செத்தவனைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். உயிரோடிருந்தபோதும் பேசவிடவில்லையே.

ஆகஸ்ட் 3

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கண்டன்சர் போய்விட்டது என்கிறான் மெக்கானிக். நாளை வருவானாம். முன்னுரை அரைப் பக்கம் எழுதினேன், கிழித்தேன்.

ஆகஸ்ட் 5

கோமதிநாயகத்தின் மனைவி பிரம்மசக்தி வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் விசாரித்தாளாம். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு பார்க்கிறேன். துணிக்கடை மஞ்சள் பையில் அவனுடைய பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தாள்.

"என்ன அண்ணாச்சி இப்படி இளைச்சிட்டிய?"

"வயசாகுதுல்ல."

"அக்கா இல்லியா?"

"தென்காசியில வேலை. அங்கேயே இருக்கா."

பையைப் பிரித்தாள். "இதுல நெட்டு நிக்கவே மாட்டேங்கு. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் செத்துரும். ஆனா மேல கனெக்ட் ஆயிருக்குன்னுதான் காட்டும். மக படிப்புக்குக் கேக்கா. அவிய இருந்தா அவியளே பாத்துருப்பாவ."

"டவுன்ல கடையில குடுத்துருக்கலாமேம்மா."

"குடுத்தேன். விண்டோஸ் போட்டுத் தாரேன்னான். வேண்டான்னுட்டு வந்துட்டேன். அவிய கட்டுன வீட்ட இடிக்கச் சொல்லுதான்."

மடிக்கணினியின் பக்கவாட்டில் யூ.எஸ்.பி வைஃபை அட்டை ஒன்று, இன்சுலேஷன் டேப் சுற்றி, அடிபட்ட விரல்போல நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அட்டையை எனக்குத் தெரியும். இரண்டாக ஒரே பார்சலில் வரவழைத்தோம். மற்றது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஒரு வாரம் ஆகும் என்றேன். அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீங்க சாவுக்கு வருவியன்னு பாத்தேன்" என்றாள்.

"கால் வீங்கியிருந்துச்சு."

"சொன்னாவ" என்றாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6

மின்னூட்டி மாட்டி எழுப்பினேன். என் ரூட்டரில் சேர்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நிமிடம் அறுந்தது. மேலே வழக்கம்போல "இணைந்துள்ளது".

எனக்குத் தெரிந்த நோய்தான். மூன்றாண்டுக்கு முன் என் அட்டைக்கும் வந்தது. மூன்று வாரம் திண்டாடிக் கண்டுபிடித்தேன். ஒரு கணினி இணைந்து குறிப்பிட்ட நேரம் ஆனதும், ரூட்டர் அதோடு பேசும் ரகசியச் சாவியை மாற்றும். மாற்றும்போது அதைக் கூப்பிட்டுப் புதுச் சாவியைக் கொடுக்கும். இந்த அட்டையின் டிரைவர், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று, வேலைக்கு நடுவிலேயே கண்ணயர்ந்துவிடும். கூப்பிட்டது அதற்குக் கேட்காது. பிறகு ரூட்டர் ஒரு சாவியோடும் அட்டை ஒரு சாவியோடும் இருக்கும். இரண்டும் மற்றது அங்கேதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். ஒன்றும் போகாது, ஒன்றும் வராது.

தீர்வு, அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள். டிரைவரைத் தூங்காதே என்று சொல்வது ஒரு வரி. இயங்குதளத்தோடு வரும் பழைய டிரைவர் முந்திக்கொண்டு அட்டையைப் பிடிக்காமல் தடுப்பது இன்னொரு வரி. முதல் வரி எல்லாருக்கும் தெரியும், கையேட்டிலும் இருக்கிறது. இரண்டாவது இல்லாமல் முதல் வரியால் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம்.

ஐந்து நிமிட வேலை. இன்று செய்யவில்லை. மோட்டார் மெக்கானிக் வந்துவிட்டான்.

ஆகஸ்ட் 7

ஒரு விஷயம். எழுதிவைக்கிறேன்.

சோதனைக்காக என் கணினியில், காற்றில் போகும் வைஃபை செய்திகளைக் கேட்கும் நிரலை ஓட விட்டிருந்தேன். அவனுடைய மடிக்கணினி சும்மா கிடந்தது. அதிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஓர் அழைப்பு கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு பெயர்தான். "மாடியறை".

முருகன்குறிச்சியில் குழுவுக்கு மாடியில் ஓர் அறை வைத்திருந்தோம். அந்த அறையின் வைஃபைக்கு நான் வைத்த பெயர் அது. கீழ்வீட்டுக்காரர்கள் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று பெயரை வெளியே காட்டாமல் மறைத்ததும் நான்தான். அப்படி மறைத்த வலையமைப்பு, நான் இங்கே இருக்கிறேன் என்று தானாகச் சொல்லாது. அதை அறிந்த கணினிதான் போகிற இடமெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் பதில் வரும்.

அறையைக் காலி செய்து ஒன்பதாண்டு ஆகிறது. இது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவன் வீட்டிலும் இப்படித்தானே கூப்பிட்டிருக்கும், எல்லா நாளும்?

அர்த்தம் ஒன்றுமில்லை. ஒரு கோப்பில் ஒரு வரியை அவன் நீக்காமல் விட்டிருக்கிறான். சோம்பேறி.

ஆகஸ்ட் 8

மறுபடியும் கூப்பிட்டது. மின்கலத்தைக் கழற்றி வைத்தேன்.

ஆகஸ்ட் 10

மன்றத்தில் என் பழைய இழையை, அந்தக் கேள்வி-பதில் தொடரை, திறந்து பார்த்தேன். முன்னுரைக்குத் தேதி சரிபார்க்கத்தான்.

மூன்றாண்டுக்கு முன், குழுவில் பழையவர்களுக்கு மட்டும் தெரிந்த புனைபெயரில், நானே தொடங்கிய இழை. "வைஃபை அட்டை பதினெட்டு நிமிடத்தில் அறுந்துவிடுகிறது, உதவுங்கள்." யாரும் உதவவில்லை. மூன்று வாரம் கழித்து நானே கீழே எழுதியிருக்கிறேன்: "தீர்ந்தது, நன்றி."

அவ்வளவுதான். எப்படித் தீர்ந்தது என்று எழுதவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதைவிடக் கொடிய செயல் கிடையாது. அதே சிக்கலோடு அலைகிறவன் கடைசியில் அந்த இழையை வந்தடைகிறான். தலைப்பில் தீர்ந்தது என்ற பச்சைக் குறி இருக்கிறது. உள்ளே போனால் ஒன்றுமில்லை. கிணற்றைக் காட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனது போல.

மறந்து விட்டதல்ல. ஏன் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதினால் நாளை எவனோ தன் பெயரில் போட்டுக்கொள்வான். ஆறு அத்தியாயம் கொடுத்தாயிற்று, இந்த இரண்டு வரியாவது என்னோடு இருக்கட்டும் என்று.

கீழே பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள். "ஐயா எப்படித் தீர்த்தீர்கள்?" "தயவுசெய்து பகிரவும்." எங்கள் மன்றத்தில் பதிவு செய்யாமலும் எழுதலாம். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அதுவே "விருந்தாளி" என்று போட்டுக்கொள்ளும். மூன்று பதிவுகள் அப்படி வந்தவை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று.

விருந்தாளி யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? யாராகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 12

பிரம்மசக்தி தொலைபேசியில் பேசினாள். அவர்கள் ஊரில் செல்பேசிக்கு அலை கிடையாது. மலையடிவாரத்தில் பேருந்து திரும்பிப் போகும் கடைசி ஊர். வீட்டுக்குக் கேபிள் இணையம் மட்டும் வந்திருக்கிறது. அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பேசினாள், பின்னால் நடத்துனர் கத்திக்கொண்டிருந்தார்.

"சரியாயிட்டா அண்ணாச்சி?"

"ஆயிரும்மா."

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நேர்ல கேக்க வாய் வரல." "நெட்டு அன்னைக்கு ஏன் போச்சுன்னு அந்த மெசினப் பாத்தாத் தெரியுமா?"

"என்னைக்கு?"

"அவிய போன அன்னைக்கு."

நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு மதுரை டாக்டர் அவனை மாதம் இருமுறை காணொளியில் பார்த்துவந்தாராம். அன்று காலையே நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றிருக்கிறான். டாக்டர் காணொளியில் வந்தார். எந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். படம் நின்றுவிட்டது.

"அப்ப கரண்டு இல்ல. இன்வெர்ட்டர்ல ஓடிட்டிருந்துச்சு. நான் அடுக்களையில சட்னிக்கு மிக்சியப் போட்டுட்டேன் அண்ணாச்சி. மிக்சி இழுத்ததுல ரூட்டர் ஆஃபாயிட்டுன்னு நெனைக்கேன். மகளுக்குக்கூடச் சொல்லல. நான் ஜீப்புக்கு ஓடுனேன். அவிய இந்தா வந்துரும், ஒரு நிமிசம்னு அதத் தட்டிக்கிட்டே இருந்தாவ. ஜீப்போட வந்து பாத்தா..."

பேருந்து கிளம்பப் போகிறது என்று வைத்துவிட்டாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பார்க்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 13

பார்த்தேன்.

லினக்ஸ் எதையும் மறப்பதில்லை. ஒவ்வொரு நொடியும் பதிவேட்டில் இருக்கிறது. சென்ற ஆண்டு, ஜூன் மாதம், அந்த நாள்.

காலை 10:24 - இணைப்பு. காணொளி தொடங்கியிருக்கும்.

10:42 - அறுந்தது. பதினெட்டு நிமிடம். ரூட்டரின் அலை அதன் பிறகும் முழு வலிமையோடு வந்துகொண்டிருந்தது. ரூட்டர் அணையவில்லை. சாவி மாறியது, அட்டை தூங்கிவிட்டது. மிக்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

10:44 - டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றியிருக்கிறான். பழைய டிரைவர் முந்திக்கொண்டது. இணையவில்லை.

10:51 - மறுபடி இறக்கி, ஏற்றி. இணையவில்லை.

11:01 - மூன்றாம் முறை. இம்முறை சரியான டிரைவர் முந்தியது. இணைந்துவிட்டது.

அதன் பிறகு எந்தக் கட்டளையும் தட்டப்படவில்லை.

11:19 - அறுந்தது.

அதை ஏற்ற ஆளில்லை.

ஆகஸ்ட் 14

தொட்டி நிரம்பி வழிந்து தெருவரை போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் தெரிந்தது. மோட்டார் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16

டிரைவரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். முதல் வரி இருக்கிறது. இரண்டாவது இல்லை. அதற்குரிய இடத்தில், முன்னால் குறியிட்டு, அவன் தனக்காக எழுதி வைத்த குறிப்புகள். அப்படிக் குறியிட்ட வரியைக் கணினி படிக்காது. மனிதர்கள்தான் படிப்பார்கள்.

"இது மட்டும் போதவில்லை. பிப்ரவரி."

"இன்னும் ஒன்று தேவை. அவனுக்குத் தெரியும். ஏப்ரல்."

"கேட்டாயிற்று. மே."

ஏப்ரலில் வந்த விருந்தாளியின் பதிவு இது: "நண்பரே, எனக்கு வைத்தியர் காணொளியில்தான் பார்க்கிறார். நடுவில் அறுந்துவிடுகிறது. அந்த இன்னொரு வரி என்னவென்று மட்டும் சொல்லுங்கள்." மே மாதப் பதிவு இன்னும் சிறியது: "மாடியறையில் நீ சொல்லாமல் நான் எதையும் கற்றதில்லை. கோபம் பிறகு இருக்கட்டும்."

என் இழையில் யார் எழுதினாலும் எனக்கு மின்னஞ்சல் வரும். மே மாதப் பதிவு வந்தது ஒரு சனிக்கிழமை. நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். பிறகு கணினியை மூடி வைத்தேன். வருடம் முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவனிடம் ஒரு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரென்று தெரியாது என்று 10ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

கையேட்டின் கோப்புகளும் அதே கணினியில் இருந்தன. முன்னட்டைக்கு இரண்டு வடிவங்கள். ஒன்றில் இரண்டு பெயர், என்னுடையது முதலில். அச்சுக்குப் போகுமுன் அவன் மூன்று மின்னஞ்சல் அனுப்பியது உண்மை. தலைப்பு "பெயர் போடலாமா?" என்பது. அதற்கு முந்தின வாரம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என் அத்தியாயத்தைத் திருத்தினான் என்ற கோபத்தில் நான் திறக்கவில்லை. அனுமதி இல்லாமல் பெயர் போட வேண்டாம் என்று அவன் நினைத்திருக்கலாம். நினைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு தொலைபேசி செய்திருக்கலாமே அவன்?

மாலையில் என் ரூட்டரின் பெயரை "மாடியறை" என்று மாற்றினேன். பழைய கடவுச்சொல்லையே போட்டேன். அது எனக்கு மறக்கவில்லை. பெயரை மறைத்தும் வைத்தேன். அவனுடைய கணினி ஒருமுறை கூப்பிட்டது. மூன்று நொடியில் இணைந்தது. எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

பீர்முகமதுவை அழைத்து முன்னுரை எழுதவில்லை என்றேன்.

"ஏன் சார், கோபமா?"

"இல்ல. எட்டாவது அத்தியாயத்துல ஒரு வரி விட்டுப் போயிருக்கு. அனுப்புறேன், சேர்த்துக்கோ."

"சரி சார். அப்ப இந்தத் தடவ உங்க பேரை அட்டையில போட்டுருவோம். ரொம்ப நாளா எங்களுக்கும் ஒரு உறுத்தல்தான்."

ஒன்பது ஆண்டு காத்திருந்த வாக்கியம். தேநீரில் ஈ விழுந்தது போல வந்து விழுந்தது.

"வேண்டாம்" என்றேன்.

ஆகஸ்ட் 19

இரண்டாவது வரியைச் சேர்த்து, நான்கு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். அறுபடவில்லை. மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். அம்பாசமுத்திரத்தில் மாறி, கடைசி நிறுத்தம்.

வீட்டில் பிரம்மசக்தி மட்டும் இருந்தாள். கணினியைக் கொடுத்துவிட்டுப் பேசி முடிக்கலாம் என்று அடுக்களை வாசலில் நின்றேன். அம்மிக்கல் ஈரமாக இருந்தது. பரணில் மிக்சி, பழைய சேலையில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"பதினாலு மாசமா அம்மிதான்" என்றாள், நான் பார்த்ததைப் பார்த்து. "தோள்பட்டை போயிட்டு."

"மிக்சி இல்லம்மா. ரூட்டர் ஆஃபாகவே இல்ல. நான் பாத்துட்டேன். நிமிசக் கணக்கு இருக்கு. நீ மிக்சி போட்டாலும் போடாட்டாலும் 10:42க்கு அது போயிருக்கும். அந்த அட்டைக்கு ஒரு வியாதி. பதினெட்டு நிமிசத்துக்கு மேல தாங்காது."

"நெசமாவா?"

"எழுதி வேணாலும் தாரேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையால் அம்மியைத் துடைத்தாள், ஏற்கெனவே கழுவியிருந்ததை. பிறகு கேட்டாள்.

"அந்த வியாதிக்கு மருந்து இருந்துச்சா அண்ணாச்சி?"

"இருந்துச்சு. ஒரு வரி."

"யாருக்குமே தெரியலியா?"

வெளியே பேருந்து திரும்புவதற்காக ஹாரன் அடித்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவிய சொல்லுவாவ" என்றாள், எனக்காகக் காத்திருக்காமல். "ஒருத்தனுக்குத் தெரியும், கோவக்காரப் பய, ஆனா கட்டாயம் சொல்லிருவான்னு. காலையில எந்திச்சதும் அதத்தான் தொறந்து பாப்பாவ, பதில் வந்திருக்கான்னு. அன்னைக்கும் பாத்தாவ."

யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை.

"உங்களுக்குச் சீனி ஆகாதுல்லா. அவிய சொல்லிருக்காவ."

எனக்குச் சர்க்கரை வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. அவனோடு நான் பேசி ஒன்பது ஆண்டுகள்.

கிளம்பும்போது, ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி மிக்சியை இறக்கித் தரச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன். சேலை முடிச்சை அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள்.

ஆகஸ்ட் 20

காலை பத்து மணி. மன்றத்தில் உள்நுழையாமல் இழையைத் திறந்து வைத்திருக்கிறேன். எழுதியது இதுதான்:

"மேலே கேட்ட அனைவருக்கும். ஒரு வரி போதாது, இரண்டு வேண்டும். முதல் வரி அட்டையைத் தூங்கவிடாமல் தடுப்பது. இரண்டாவது, பழைய டிரைவர் முந்திக்கொள்ளாமல் தடுப்பது. இரண்டையும் கீழே கொடுத்திருக்கிறேன். சேர்த்தபின் கணினியை ஒருமுறை மூடித் திறக்கவும். இந்த விடை மூன்று ஆண்டுகளாகத் தெரிந்தே சொல்லப்படாமல் இருந்தது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை இருமுறை நீக்கி இருமுறை சேர்த்தேன். இருக்கட்டும்.

பெயர்க் கட்டத்தில் கர்சர் மின்னுகிறது. என் பெயரைப் போட்டால் கீழே நன்றி நன்றி என்று வரிசையாக வரும். அதைப் படிக்க என்னால் முடியாது. பீர்முகமது பார்த்துவிட்டு நெஞ்சைத் தொட்டது என்பான். அது ஒரு காரணம். பிரம்மசக்தியின் மகள் அந்த மடிக்கணினியில், அப்பா தினமும் திறந்து பார்த்த இந்த இழையைத் தேடி வருவாள் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை.

கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன். மன்றம் தானாகவே பெயர் போட்டுக்கொள்ளட்டும். மே மாதம் விருந்தாளி கேட்ட கேள்விக்குக் கீழே, விருந்தாளி பதில் சொல்லியிருப்பான். புதிதாக வந்து பார்க்கிறவர்கள், கேட்டவனே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படியே நினைக்கட்டும். பெயர் இல்லாமல் போடுகிறேன்.